புயற்பாதையில் ஒரு துறவி

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்புக் கரையில் ஏறித் தென்னஞ்சோலைகளை வேரோடு சாய்த்து, நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது ஒரு சூறாவளி. காற்றுக்கு ஒருவித தர்மம் உண்டு. அது சாதி மதம் பாராமல் வீசி, விடிவதற்குள் அடங்கிவிடும். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளின் பின், வாழைச்சேனையிலிருந்து கிரான், சித்தாண்டி, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர் ஆகிய ஊர்களினூடே மட்டக்களப்பை அடையும் நெடுஞ்சாலையில் எழுந்த புயல் மனிதர் எழுப்பியது. ஆதலால் அது பேதம் பார்த்தது, அடங்கவும் மறுத்தது.

1990 ஜூன் மாதம் யுத்தம் மீண்டும் மூண்டது. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்றனர். அடுத்த வாரமே ஏறாவூரிலும் அத்தகைய கோரம் நிகழ, பழிக்குப் பழியாகத் தமிழரும் வெட்டுண்டனர். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம், அயற்கிராமங்களிலிருந்து ஓடிவந்த குடும்பங்களால் நிறைந்து அகதி முகாமாயிற்று. சாலையில் நடமாட்டம் அற்றுப்போயிருந்த அந்நாட்களிலேதான், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளார், மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்குச் சென்றார். அங்கே அபாயத்திற் சிக்கியிருந்த கன்னியாஸ்திரிகளுக்கு உதவுவதே பிரயாணத்தின் நோக்கம்.

அடிகளார் இம்மண்ணுக்குப் புதியவரல்லர். 1948ஆம் ஆண்டு, இருபத்தைந்து வயதை எட்டும் இளைஞராக வந்திறங்கியவர், புனித மிக்கேல் கல்லூரியில் கற்பித்து, அக்கல்லூரியின் கூடைப்பந்து அணியை நாடறியச் செய்து, பிற்காலத்தில் இளைஞர்க்குக் கைத்தொழில் பயிற்றும் நிலையமொன்றின் பொறுப்பையும் ஏற்றிருந்தார். அவர் கையிலே அமெரிக்கக் கடவுச்சீட்டு இருந்தது என்பதை வாசகர் மறந்துவிடலாகாது. ஆகாயவிமானம் ஏறினால் மறுநாளே அச்சமற்ற தேசத்திற் கால்வைத்திருக்கலாம். துறவாடை காப்பாற்றும் என்று நம்பியிருந்தாரோ எனின், அதற்கும் இடமில்லை: மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டதை அவர் நன்கறிவார்.

கலிலேயக் கடலிற் கொந்தளிப்பு எழுந்தபோது படகிலே நித்திரை செய்த கிறிஸ்துநாதரை சீஷர்கள் எழுப்பிய வரலாற்றைக் கோயில்களிலே பிரசங்கிப்போர், பெரும்பாலும் கடல் அமைதியடைந்த கட்டத்திலேயே சுவை காண்பர். எனக்கோ, அவர் சொன்ன வார்த்தைக்காக மாலை வேளையில் அப்படகில் ஏறினார்களே, அந்தக் கட்டமே பெரிதாகத் தோன்றுகிறது. புயல் ஓயும் என்ற உறுதிமொழி எதுவும் அவர்களுக்கு அளிக்கப்படவில்லை; அக்கரை போக வேண்டும் என்பது மட்டுமே சொல்லப்பட்டிருந்தது. தெய்வத்தை நம்புவதை ஆபத்துக்கு எதிரான காப்புறுதிப் பத்திரம்போல் பேசுகிறவர்கள், வந்தாறுமூலைச் சாலையின் சரித்திரத்தை என்ன சொல்லி விளக்குவார்களோ அறியேன்.

ஆகஸ்ட் 15, தேவமாதா விண்ணேற்புத் திருநாள். அன்று அறுபத்தாறு வயதினரான அடிகளார், ஸ்கூட்டரில், தமிழ் இளைஞர் ஒருவருடன் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். ஏறாவூருக்கு அருகே அவர்களைக் கண்டதுதான் கடைசி. உடலும் கிடைக்கவில்லை, வாகனமும் கிடைக்கவில்லை. குற்றவாளி எவரும் தண்டிக்கப்படவுமில்லை. மூன்று வாரங்களுக்குள், செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலை வளாக முகாமைச் சுற்றிவளைத்த இராணுவத்தினர் 158 பேரைப் பிரித்தெடுத்துக் கொண்டுசென்றனர். அவர்களும் திரும்பவில்லை. அவர்களிற் பெரும்பாலோர் சைவர். அன்று வளாகத்திலே எந்தெந்தத் தெய்வத்தின் பெயர் உச்சரிக்கப்பட்டது என்பதைப் பிரித்துப் பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை.

ஹேபியர் அடிகளாருடன் 1948இல் வந்த மற்றோர் இயேசு சபையினர் ஹரி மில்லர் அடிகளார். தோழர் காணாமற்போன பின்னும் அவர் ஊரை விட்டகலாமல், காணாமலாக்கப்பட்டோரைப் பற்றி விசாரித்தும் எழுதியும் வந்தார். யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டு, முதுமையின் நிமித்தம் அமெரிக்கா சென்றவருக்கு அந்நாடு அந்நியமாய்ப்பட்டது போலும். சில காலத்துக்குள் மட்டக்களப்புக்கே திரும்பி, புனித மிக்கேல் கல்லூரியின் அயலிலேயே தம் இறுதி நாட்களைக் கழித்தார்.