உயிர்மருத்துவ அறிவியல் கல்வி (பிரிட்டன்)

ரத்தம், சிறுநீர், சளி, திசு முதலியவற்றைச் சோதித்து நோயறிய உதவும் ஆய்வகப் பணிக்கான பட்டப்படிப்பு. தமிழ்நாட்டின் பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) இதற்கு நெருங்கிய உறவு. பிரிட்டனில் இத்துறை ஆய்வக மேசையில் பிறந்து, வெகுகாலம் கழித்தே பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவமனை ஆய்வகங்களில் எடுபிடியாகச் சேர்ந்தவர்கள் பலர் பள்ளியை விட்ட கையோடு வந்த பையன்கள். கண்ணாடிக் குழாய் கழுவுவது, கிருமி வளர்க்கும் கூழ் காய்ச்சுவது, கினிப் பன்றிக்குத் தீனி வைப்பது என்று தொடங்கி, மருத்துவர் பக்கத்தில் நின்றே வேலை கற்றார்கள். ஆய்வக உதவியாளர் ஆல்பர்ட் நார்மனின் முயற்சியால் 1912இல் இவர்களுக்கென நோயியல், நுண்ணுயிரியல் ஆய்வக உதவியாளர் சங்கம் அமைந்தது. 1942இல் மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பக் கழகமாக மாறிய அச்சங்கம், 1994 முதல் உயிர்மருத்துவ அறிவியல் கழகம் என்ற பெயரில் இயங்குகிறது.

1948இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபின் சோதனைகள் பெருகின, ஆட்களும் தேவைப்பட்டனர். பகலில் வேலை, வாரத்தில் ஒருநாள் தொழில்நுட்பக் கல்லூரி, மாலையில் வகுப்பு என்பது அக்காலத்து வழக்கமான பாதை. 1960இல் வந்த ஒரு சட்டம் இத்தொழிலுக்கு அரசுப் பதிவைக் கொண்டுவந்தது. பட்டம் இருந்தால்தான் நுழையலாம் என்ற நிலை 1990களை ஒட்டியே உறுதிப்பட்டது.

பாடத்திட்டத்தில் ரத்தவியல், ரத்த மாற்று அறிவியல், மருத்துவ வேதியியல், நுண்ணுயிரியல், நோயெதிர்ப்பியல், திசு நோயியல் ஆகியவை இடம்பெறும். புத்தகத்தால் மட்டும் இவை வசப்படா. பாரஃபின் மெழுகில் பதித்த திசுவை மைக்ரோடோமில் மூன்று, நான்கு மைக்ரோமீட்டர் தடிமனுக்குச் சீவி, வெதுவெதுப்பான நீரில் சுருக்கமில்லாமல் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுக்க வேண்டும். நீரின் சூடு கூடினாலோ கத்தி மழுங்கினாலோ சீவல் வீணாகும். பிறகுதான் ஹெமடாக்சிலின், ஈயோசின் சாயங்கள்.

இந்தக் கைப்பழக்கத்தைப் பெறுவதில்தான் மாணவர் பாடு இருக்கிறது; ஆய்வகப் பயிற்சி இன்றித் தொழிலில் நுழையவும் முடியாது. உயிர்மருத்துவ அறிவியலாளர் என்ற பெயரைச் சட்டப்படி பயன்படுத்தச் சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் மன்றத்தில் பதிவுபெற வேண்டும். அதற்குப் பட்டம் மட்டும் போதாது. பயிற்சிக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் வேலை பார்த்து, ஒவ்வொரு திறனுக்கும் சான்று சேர்த்துப் பயிற்சிப் பதிவேட்டை நிரப்பி, மதிப்பீட்டாளர் முன் வைக்க வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் இப்பயிற்சியைப் படிப்புக்குள்ளேயே ஓராண்டாக வைத்துள்ளன. ஆனால் மருத்துவமனைகள் தரும் பயிற்சி இடங்கள் குறைவு. கிடைக்காதவர்கள் பட்டம் பெற்றபின் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து, பயிற்சி வாய்ப்புக்காகக் காத்திருப்பதும் உண்டு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரைவிட, பயிற்சி இடத்துக்கு அது என்ன உறுதி தருகிறது என்று விசாரிப்பதே புத்திசாலித்தனம்.

பதிவுபெற்றபின் ஏதேனும் ஒரு பிரிவில் சிறப்புப் பட்டயம் முடிப்பது அடுத்த படி. அண்மைக்காலத்தில் இங்கிலாந்தில், சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கும் பட்டப் பயிற்சிப்பணியும் வந்துள்ளது. இதில் கல்விக் கட்டணம் மாணவர் தலையில் விழுவதில்லை.