கபாலமும் பம்பையும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கும் மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் கோயில் குடைந்ததாக விசித்திரசித்தன் கல்லில் வெட்டி வைத்தான். முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர் அது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட அந்த மன்னன்தான் 'மத்தவிலாசம்' என்ற நகைச்சுவை நாடகத்தையும் எழுதினான். அதில், காஞ்சியில் காபாலிகச் சைவத் துறவி ஒருவன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டு அலைகிறான். பழி ஒரு பௌத்தத் துறவி மேல் விழுகிறது, தூக்கிப்போனதோ நாய். சுடுகாட்டுப் பொருளை வைத்துச் சபையைச் சிரிக்க வைக்க அந்த மன்னனுக்குத் தெரிந்திருந்தது.

கபாலம் இந்த வட்டாரத்தை விட்டுப் போகவே இல்லை.

செஞ்சியைத் தாண்டினால் மேல்மலையனூர். பிரமனின் ஐந்தாம் தலையைக் கிள்ளிய சிவனின் கையில் கபாலம் ஒட்டிக்கொண்டு, இடுகிற சோற்றையெல்லாம் தானே தின்றது; மயானத்தில் சோற்றை இறைத்து, அதைத் தின்ன இறங்கிய கபாலத்தை அங்காளம்மன் மிதித்து அடக்கினாள் என்பது தலபுராணம். மாசி அமாவாசையில் மயானக் கொள்ளை நடக்கிறது. விரித்த தலையும் நீட்டிய நாக்குமாக அம்மன் வேடம் கட்டியவர்கள் வருவார்கள். தானியம், காய்கறி, சில்லறை என்று சூறைவிட, கூட்டம் பாய்ந்து அள்ளும்.

வெறும் பயத்துக்கு இவ்வளவு கூட்டம் சேராது. இழுப்பது பம்பை. இரண்டு முழவுகளை ஒன்றாகக் கட்டிய அந்தத் தோல் கருவி அதிர, உடுக்கையும் கைச்சிலம்பும் கூடச் சேர, பம்பைக்காரர் வர்ணிப்பு பாடுவார். அம்மனின் அழகையும் கோபத்தையும் அடுக்கி, கெஞ்சியும் அதட்டியும் அழைக்கும் பாட்டு அது. அடி வேகமெடுக்கும்போதும் மெட்டு கலையாது. அருள் வருவது அந்த இடத்தில்தான்.

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் லோடி என்ற ஊரில் 1977இல் கிளென் டான்சிக் தொடங்கிய மிஸ்ஃபிட்ஸ் இசைக்குழுவிலும், பயமும் மெட்டும் சேர்ந்த இந்தப் பாட்டுக்கு ஓர் உறவு கேட்கிறது. 1946இல் வந்த 'தி கிரிம்சன் கோஸ்ட்' திரைத்தொடரின் மண்டையோட்டு முகம் அவர்கள் சின்னம். பேய்ப்படக் கதைகளை, 1950களின் பாடல்களைப் போலக் கூடவே பாடத் தோன்றும் மெட்டில், பங்க் ராக் இசையின் வேகத்தில் பாடினார்கள். ஹாரர் பங்க் அங்கிருந்து வளர்ந்தது. அவர்களுக்கு அது மேடை. மேல்மலையனூரில் வேடம் கட்டுகிறவருக்கு அது வேண்டுதல். இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

மயானத்தில் கபாலத்தை மிதித்த அதே அம்மனை, அமாவாசைதோறும் நள்ளிரவை ஒட்டி ஊஞ்சலில் அமர்த்திப் பூசாரிகள் தாலாட்டுப் பாடுகிறார்கள். கற்பூரம் ஏற்றிக் கும்பிடும் கூட்டத்துக்காக அன்று வெளியூர்களிலிருந்து சிறப்புப் பேருந்துகள் ஓடுகின்றன.