எடைக்குப் போனதும் போகாததும்

1992 நவம்பர் 18ஆம் தேதி அமெரிக்கா முழுக்கக் காமிக்ஸ் கடை வாசல்களில் வரிசை நின்றது. சூப்பர்மேன் செத்துப்போகிறான். 'சூப்பர்மேன்' 75ஆம் இதழ். கறுப்பு பாலிதீன் உறை, அதன்மேல் ரத்தம் சொட்டும் 'எஸ்' எழுத்து. உள்ளே துக்கத்துக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புப் பட்டை, இரங்கல் செய்தி அச்சடித்த தாள், போஸ்டர், தபால்தலை. விலை இரண்டரை டாலர். உறை இல்லாத சாதாப் பதிப்பு ஒண்ணேகால் டாலருக்குக் கிடைத்தது. ஆனால் எல்லோரும் கேட்டது கறுப்பு உறையைத்தான். வாங்கியவர்களில் பலர் அதைப் பிரிக்கவே இல்லை. பிரித்தால் விலை போய்விடும். படிக்க ஒன்று, 'வைக்க' ஒன்று என்று ரெண்டு வாங்கினார்கள். பிள்ளையின் காலேஜ் படிப்புக்கு ஆகும் என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் பரணில் போட்டவர்களும் உண்டு. அறுபது லட்சம் பிரதிகளுக்கு மேல் போனதாகக் கணக்கு. செத்தவன் அடுத்த வருஷமே எழுந்து வந்துவிட்டான். பரணில் போட்ட பெட்டிகள்தான் எழுந்திருக்கவில்லை.

அதே 1992இல், நான்கு மாதம் முன்னால், ஜூலை 30ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் இன்னொரு சாவு. ஜோ ஷூஸ்டர். சூப்பர்மேனை முதன்முதலாக வரைந்த கை அவருடையது. அந்தச் சாவுக்குக் கறுப்புப் பட்டை யாரும் அச்சடிக்கவில்லை. இந்த இரண்டு சாவுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பழைய காமிக்ஸ், புதிய காமிக்ஸ், விலை, மதிப்பு என்கிற பேச்செல்லாம் எதைப் பற்றியது என்று பிடிபடும்.

முதலில் பழசு. 1938இல் வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் (சூப்பர்மேன் தலைகாட்டியது இதில்தான்) ஏறக்குறைய இரண்டு லட்சம் பிரதி அச்சானது. விலை பத்து சென்ட். இன்று தப்பிப் பிழைத்தவை நூறு சொச்சம் இருக்கலாம் என்கிறார்கள். மற்றதெல்லாம் எங்கே போயின? பையன்கள் படித்தார்கள், சுருட்டிப் பின்பாக்கெட்டில் செருகினார்கள், கைமாற்றினார்கள், கிழித்தார்கள். மலிவான செய்தித்தாள் காகிதம். தானாகவே மஞ்சளித்துப் பொடியும். இரண்டாம் உலகப் போரின்போது நாட்டுக்காகப் பழைய காகிதம் சேகரிக்கச் சொன்னார்கள்; கட்டுக்கட்டாகப் போனது. மிச்சத்தை அம்மாமார்கள் வீடு சுத்தம் செய்யும்போது தூக்கிப் போட்டார்கள். அமெரிக்கச் சேகரிப்பாளர் உலகத்தில் இந்த அம்மா ஒரு தொன்மப் பாத்திரம். 'எங்கம்மா மட்டும் போடாமல் இருந்திருந்தால்' என்று ஆரம்பிக்காத கிழவர் கிடையாது. அந்த அம்மாக்கள் எல்லோரும் போடாமல் இருந்திருந்தால் அந்தப் புத்தகத்துக்கு இன்றைக்குப் பத்து டாலர் பெறாது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

தூக்கிப் போட்டது மட்டுமல்ல, கொளுத்தவும் செய்தார்கள். 1948இல் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சரிலும் நியூயார்க் மாநிலத்து பிங்ஹாம்டனிலும் பள்ளிப் பிள்ளைகளை வைத்தே காமிக்ஸைக் குவித்துத் தீ வைத்தார்கள். ஹிட்லரின் புத்தக எரிப்பை எதிர்த்துப் போரிட்டு வந்து மூன்று வருஷம் சொச்சம்தான் ஆகியிருந்தது. 1954இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம் எழுதிய 'சிடக்‌ஷன் ஆஃப் தி இன்னசென்ட்' வந்தது. காமிக்ஸ் பிள்ளைகளைக் குற்றவாளிகள் ஆக்குகிறது என்பது அவர் கட்சி. செனட் துணைக்குழு விசாரணை, தொடர்ந்து பதிப்பாளர்களே தங்கள் கழுத்தில் மாட்டிக்கொண்ட காமிக்ஸ் தணிக்கை நெறி, எல்லாம் அதே வருஷம். இந்த வெர்தமை வெறும் பிற்போக்குவாதி என்று ஒதுக்கிவிட முடியாது என்பதுதான் சிக்கல். நியூயார்க் ஹார்லெமில் கறுப்பின மக்களுக்காகக் கிட்டத்தட்ட இலவசமாக மனநல மருத்துவமனை நடத்தியவர். பள்ளிகளில் நிறப்பாகுபாட்டுக்கு எதிரான வழக்கில் அவருடைய சாட்சியம் பயன்பட்டது. முற்போக்கான மனிதர், ஏழைப் பிள்ளைகள் கையிலிருந்த ஒரே மலிவான வாசிப்பைப் பறிக்க முன்னால் நின்றார். நம் முற்போக்காளர்களுக்கும் வெகுசனக் கலை என்றால் இதே கை அரிப்பு உண்டு. அது வேறு கதை.

1970இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் காமிக்ஸ் விலைப்பட்டியல் ஒன்றைப் புத்தகமாகப் போட்டார். எந்த இதழ், என்ன நிலையில் இருந்தால், என்ன விலை. அதுவரை ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் பேரம் பேசிக்கொண்டிருந்த பண்டத்துக்கு அச்சில் ஒரு விலை வந்தது. விலை அச்சில் வந்ததும் அது ஏற வேண்டும் என்கிற எதிர்பார்ப்பும் கூடவே வந்தது. அந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கை பாருங்கள். வெர்தம் தன் நூலில் கண்டித்த இதழ்களுக்கு நேரே அந்தத் தகவலையும் குறித்திருப்பார்கள். கண்டனம் பெற்ற இதழ் என்றால் கிராக்கி கூடும். எரிக்கச் சொன்னவரின் பட்டியல் விலையேற்றப் பட்டியல் ஆகிவிட்டது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 1977இல் கொலராடோவில் எட்கர் சர்ச் என்கிற முதியவரின் வீட்டிலிருந்து பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய காமிக்ஸ், வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே கிடைத்தன. சக் ரோசான்ஸ்கி என்ற வியாபாரி வாங்கினார். இன்றுவரை சந்தையில் 'மைல் ஹை' சேகரம் என்றால் தனி மரியாதை, தனி விலை. சர்ச் முதலீடு செய்தவர் அல்ல. விளம்பரப் படம் வரைந்து பிழைத்தவர். பார்த்து வரைவதற்கு உதவும் என்று அடுக்கி வைத்தவர். அதாவது அவருக்கு அவை தொழில் கருவி.

இங்கேதான் 1980களின், 90களின் ஊக வணிகம் தடுக்கி விழுந்தது. அது பழைய காமிக்ஸின் விலையைப் பார்த்ததே தவிர, அந்த விலைக்குப் பின்னால் இருந்த அழிவைப் பார்க்கவில்லை.

விநியோக முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் பத்திரிகைக் கடைக்காரர் விற்காத இதழின் அட்டையைக் கிழித்து அனுப்பினால் போதும், பணம் கழிந்துவிடும். மீதி கூழுக்குப் போகும். 1973இல் ஃபில் சூலிங் என்பவர் பதிப்பாளர்களிடம் நேராகப் பேசிப் புது ஏற்பாடு கொண்டுவந்தார். காமிக்ஸுக்கென்றே உள்ள கடைகளுக்குக் கூடுதல் கழிவு. ஆனால் விற்காததைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். சிறு பதிப்பாளர்கள் பலர் முளைத்தது இதனால்தான். அந்த நன்மையை மறுக்கக்கூடாது. ஆனால் இதன் இன்னொரு பக்கம், இனி நட்டம் முழுக்கக் கடைக்காரர் தலையில். 'எண்பது லட்சம் விற்றது' என்று பதிப்பாளர் சொன்னால் எண்பது லட்சம் கடைகளுக்குப் போனது என்று அர்த்தம். வாசகர் கைக்குப் போனதா என்பது வேறு கணக்கு.

1984இல் இரண்டு இளைஞர்கள் கைக்காசு போட்டு மூவாயிரத்துச் சொச்சம் பிரதி அச்சடித்த 'டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்சா டர்ட்டில்ஸ்' முதல் இதழ் மளமளவென்று விலை ஏறியது. உடனே கறுப்பு வெள்ளைக் காமிக்ஸ் எல்லாமே தங்கம் என்று கிளம்பினார்கள். ஆமைக்குப் போட்டியாகக் கராத்தே போடும் வெள்ளெலிகள்கூட வந்தன (கேலியில்லை, அப்படி ஒரு இதழ் உண்டு). 1987க்குள் எல்லாம் சரிந்தது. யாரும் பாடம் படிக்கவில்லை.

1989இல் ரெவ்லான் அழகுசாதன முதலாளி ரான் பெரல்மன் மார்வெல் நிறுவனத்தை 82.5 மில்லியன் டாலருக்கு வாங்கினார். 1991 ஜூலையில் மார்வெல் பங்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த மாதமே 'எக்ஸ்-மென்' முதல் இதழ், ஒரே கதை, ஐந்து அட்டை. நான்கு அட்டைகளைச் சேர்த்து வைத்தால் ஒரே படம். ஐந்தாவதில் அந்த முழுப்படமே மடித்து வரும். ஐந்தும் வாங்கினால்தான் 'முழுசு'. எண்பது லட்சத்துக்கும் மேல் அச்சாகிக் கடைகளுக்குப் போனது. பிறகு பளபளக்கும் உலோகப் பூச்சு அட்டை, ஹோலோகிராம், இருட்டில் மின்னும் அட்டை, உறைக்குள் சீட்டு. இதழின் மேலேயே 'சேகரிப்பாளர் பதிப்பு' என்று போட்டார்கள். சேகரிக்கப்படுவதற்கென்றே பிறந்த பண்டம். பழமையைத் தொழிற்சாலையிலேயே செய்து தரும் ஏற்பாடு.

எல்லோரும் பத்திரப்படுத்தினால் எதுவும் அரிதாகாது. இதற்குப் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை, பழைய பேப்பர் கடைக்காரரைக் கேட்டால் போதும். 1993இல் 'டுரோக்' முதல் இதழ் பத்து லட்சத்துக்கு மேல் அச்சாகி வந்தது. கடைகளில் மலையாகத் தேங்கியது. அதே வருஷம் வேலியன்ட், இமேஜ் நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்த 'டெத்மேட்' தொடரில் சில பகுதிகள் மாதக்கணக்கில் தாமதமாயின. முன்கூட்டியே ஆர்டர் கொடுத்த கடைக்காரர், ஆர்வம் வடிந்த பிறகு வந்த கட்டுகளோடு உட்கார்ந்திருந்தார். ஆயிரக்கணக்கான கடைகள் மூடின. மார்வெல் தனக்கென்று ஒரு விநியோக நிறுவனத்தை வாங்கிப்போட்டு மற்ற விநியோகஸ்தர்களைக் கவிழ்த்தது. 1996 டிசம்பரில் தானே திவாலானது. கடைசியில் விநியோகம் டயமண்ட் என்ற ஒரே நிறுவனத்தின் கைக்குள் வந்தது. அதுவும் 2025 ஜனவரியில் திவால் மனு போட்டது.

பின்னாளில் உண்மையாகவே விலை ஏறிய புதிய இதழ் எது? 2003இல் ஏழாயிரத்துச் சொச்சம் பிரதி மட்டுமே வந்த, மினுக்கில்லாத கறுப்பு வெள்ளை 'வாக்கிங் டெட்'. அதையும் ஏற்றியது தொலைக்காட்சித் தொடர்தான். பதிப்பாளர்கள் இன்றும் விட்டபாடில்லை: 25 பிரதி ஆர்டர் செய்தால் சிறப்பு அட்டை போட்டது ஒன்று. அந்த ஒன்றைக் காட்டி விலை வைக்கலாம். மற்றவை விற்பனைக் கணக்கை ஊதிக் காட்டும்.

நம் ஆட்கள் இதைப் 'பயன்மதிப்பு, பரிவர்த்தனை மதிப்பு' என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். அவ்வளவு சுளுவில்லை. மார்க்ஸே மூலதனம் மூன்றாம் தொகுதியில், நிலவாடகை பற்றிப் பேச வரும் இடத்தில், பழம்பொருள், கலைப்படைப்பு போல உழைப்பால் மறுபடி உண்டாக்க முடியாதவற்றின் விலை தற்செயல்களின் சேர்க்கையால் அமையலாம் என்று தனியே எடுத்து வைத்திருக்கிறார். 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் அந்த வகை. கறுப்பு உறை சூப்பர்மேன் அந்த வகை அல்ல; வெறும் சரக்கு, ஆனால் அந்த வகை மாதிரி வேஷம் போட்டது. குழந்தைப் புத்தகங்களைத் தானே சேகரித்த வால்டர் பெஞ்சமின், சேகரிப்பாளன் பொருளைப் பயன்பாட்டின் தளையிலிருந்து விடுவிக்கிறான் என்று பார்த்தார். அழகான பார்வை. 2000இல் தொடங்கிய சிஜிசி என்ற தரநிர்ணய நிறுவனத்தை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. இதழை அனுப்பினால் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடித் தருவார்கள். அதற்குப் பிறகு அட்டையைப் பார்க்கலாம், படிக்க முடியாது. உடைத்தால் மார்க் போச்சு. படிக்கவே முடியாத காமிக்ஸ் கைமாறிக்கொண்டே இருக்கும். அப்படி மூடப்பட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் ஒன்று 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

படம் வரைந்தவர்களுக்கு என்ன? சூப்பர்மேனின் முழு உரிமைக்கும் சேர்த்து 1938இல் சீகலும் ஷூஸ்டரும் வாங்கியது 130 டாலர். வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள், வேலை போனது. ஷூஸ்டருக்குப் பார்வை மங்கியது. 1975இல் சூப்பர்மேன் சினிமா வரப்போகிற நேரத்தில் சீகல் பத்திரிகைகளுக்கு எழுதிப் புலம்பிய பிறகு, நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற சக ஓவியர்கள் கிளம்பிச் சத்தம் போட்ட பிறகு, வார்னர் நிறுவனம் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் கொடுக்கவும் படைப்பாளர் என்று பெயர் போடவும் இறங்கி வந்தது. ஜாக் கர்பி மார்வெலுக்கு வரைந்தது பத்தாயிரம் பக்கங்களுக்கு மேல். நீண்ட சண்டைக்குப் பிறகு 1987இல் திரும்பக் கிடைத்த மூலப்பக்கங்கள் சுமார் இரண்டாயிரம். 1992இல் மார்வெலின் நட்சத்திர ஓவியர்கள் வெளியேறி இமேஜ் தொடங்கியது, உரிமை எங்களுக்கே என்ற இந்த நெடுங்கால ஏக்கத்திலிருந்துதான். அது நியாயமான கலகம். ஆனால் அந்தக் கலகக்காரர்களின் முதல் இதழ்களும் பெட்டி பெட்டியாகப் பரணுக்கே போயின. உரிமையை மீட்டவர்கள் ஊகச் சந்தையை விட்டுவிடவில்லை.

ஒரு தகவல் என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. சீகல், ஷூஸ்டருக்குப் பதிப்பாளர் கொடுத்த அந்த 1938 காசோலை (வேறு வேலைகளுக்கும் சேர்த்து மொத்தம் 412 டாலர், அதில் சூப்பர்மேனுக்கு 130) 2012இல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 1,60,000 டாலர். எட்டு வருஷ ஓய்வூதியம். ஏமாற்றப்பட்டதற்கான ரசீதும் சேகரிப்புப் பொருள் ஆகிவிட்டது. ஏலம் நடந்தபோது இருவருமே உயிரோடு இல்லை.

சிறுபத்திரிகைப் பழைய இதழ்களைத் தேடி அலைகிற நமக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கட்டுக்கட்டாகத் தூக்கிச் சுமந்தும் விற்காத 'எழுத்து' இதழ்களை இன்று ஆய்வு மாணவர்கள் விலை கொடுத்துத் தேடுகிறார்கள். சி.சு. செல்லப்பா சுமந்தபோது அந்த விலை யாரிடமும் இல்லை.

ஒரே ஒரு எதிர்ச்சம்பவம் உண்டு. ஸ்பைடர்மேன் முதன்முதல் வந்த 1962 'அமேசிங் ஃபேன்டசி' 15ஆம் இதழின் ஒரு பிரதி 2021இல் 36 லட்சம் டாலருக்குப் போனது. அச்சுப் பிரதிக்கே அந்த விலை. அந்த இதழுக்காக ஸ்டீவ் டிட்கோ கையால் வரைந்த 24 மூலப் பக்கங்களை ஒருவர் 2008இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குச் சும்மா கொடுத்துவிட்டார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வெள்ளைத் திருத்த மையும் அழித்த பென்சில் கோடுகளும் அந்தத் தாள்களில் அப்படியே இருக்கின்றன.