திண்ணை உள்ளே இருக்கும் ஊர்

கிழக்கு எத்தியோப்பியாவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஹரார். 16ஆம் நூற்றாண்டில் அமீர் நூர் எழுப்பியதாகச் சொல்லப்படும் ஜுகோல் மதில் பழைய ஊரை இன்றும் சுற்றி நிற்கிறது. பழைய வாசல்கள் ஐந்து. உள்ளே 82 மசூதிகள், நூற்றுக்கும் மேற்பட்ட தர்காக்கள். ஆள் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோரம் ஒதுங்க வேண்டிய சந்துகளும் உண்டு.

இந்த ஊரைப் பற்றி வெளியுலகம் படித்ததெல்லாம் பெரும்பாலும் வந்துபோனவர்கள் எழுதியது. ரிச்சர்ட் பர்ட்டன் 1855 ஜனவரியில் உள்ளே நுழைந்தார். பத்து நாள் இருந்தார். அடுத்த ஆண்டே புத்தகம் வந்துவிட்டது. பிரெஞ்சுக் கவிஞர் ரேம்போ 1880இல் காப்பி வியாபாரத்துக்காக வந்து, இடையிடையே போய் வந்து, 1891 வரை இருந்தார். இன்று சுற்றுலாப் பயணிகள் வரிசையாகப் போய்ப் பார்க்கும் ‘ரேம்போ வீடு’ உண்மையில் ஓர் இந்திய வணிகர் கட்டியது. ரேம்போ அதில் குடியிருக்கவில்லை. ஊர்க்காரர்களின் சொந்த வீடுகளைப் பார்க்காமலே பயணிகள் திரும்பிவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. ஹராரின் வரலாறு அந்த வீடுகளுக்குள்தான் இருக்கிறது.

பக்கத்திலுள்ள ஹராமயா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போன நான், மதிலுக்குள் ஒரு ஹராரிக் குடும்பத்தின் முற்றத்தையொட்டிய அறையில் வாடகைக்கு இருந்தேன். தெருவிலிருந்து பார்த்தால் வெறும் சுவரும் ஒரு கதவும்தான். முற்றத்தைத் தாண்டிப் பெரிய கூடத்துக்குள் கால் வைத்தால் கண் கூசும்: செக்கச்செவேலென்று பூசிய தளம், சுவர் நிறையப் புல்லில் பின்னிய வண்ணக் கூடைகள், மாடங்களில் எனாமல் தட்டுகள், மரக் கிண்ணங்கள்.

நம் ஊர்த் திண்ணை வாசலுக்கு வெளியே இருக்கும்; இவர்களுடையது கூடத்துக்குள்ளே, படிப்படியாக உயர்ந்து இருக்கிறது. ‘நதபா’ என்பார்கள். மொத்தம் ஐந்து. வீட்டுத் தலைவருக்கும் மரியாதைக்குரியவர்களுக்கும் ஒன்று (அதன் அருகே ஈட்டி சாத்துமிடம்), எல்லாரும் கூடி உட்காரப் பெரியது ஒன்று, சிறியது ஒன்று, பார்வைக்குப் படாமல் ஒன்று, கதவுக்குப் பின்னால் ஒன்று. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்தே அந்த வீட்டில் அவருக்கு என்ன இடம் என்று சொல்லிவிடலாம். முதலில் என்னைப் பெரிய நதபாவில் விரிப்புப் போட்டு உட்கார வைத்தார்கள். சில மாதம் கழித்து, யாரும் சொல்லாமலே, வீட்டுப் பெண்களோடு சிறிய நதபாவில் உட்கார ஆரம்பித்தேன். காப்பிக்கொட்டையின் தோலைக் காய்ச்சிப் பால் சேர்த்த பானம் அங்கேதான் கைக்குக் கை வரும்.

தளத்தின் சிவப்புக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். 1887 ஜனவரியில் செலெங்கோ என்ற இடத்தில் கடைசி அமீர் அப்துல்லாஹியின் படை, பிற்பாடு எத்தியோப்பியப் பேரரசரான மெனலிக்கிடம் தோற்றது. ஹராரின் தன்னாட்சி அத்தோடு முடிந்தது. அன்று சிந்திய ரத்தத்தின் நினைவாம் அந்தச் செம்மண். செம்மண்ணைக் குழைத்து, கைத்துணியால் வீட்டுக்கார அம்மா மூலைவரை பூசுவதைப் பார்த்திருக்கிறேன். முழங்கால் வலிக்கும், ஆனாலும் மருமகளிடம் விடமாட்டார். தோற்ற போரைக் கல்வெட்டில் வைக்காமல் வீட்டுத் தரையில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பூசிவரும் வேறொரு ஊரை நான் அறியேன். அந்த நினைவைக் காப்பாற்றியவர்கள் பெண்கள். கூடை பின்னுவதும் அவர்கள்தான். ஒரு பெரிய கூடைக்கு மாதக்கணக்கில் ஆகும்.

அக்கம்பக்கத்து உறவை ‘அஃபோச்சா’ என்ற சங்கங்கள் கட்டிக்காக்கின்றன. கல்யாணமோ சாவோ, உறுப்பினர்கள் வந்துவிடுவார்கள். எங்கள் சந்தில் ஒரு பெரியவர் இறந்தபோது, செய்தி கேட்ட சற்று நேரத்துக்கெல்லாம் பெண்கள் பாத்திரங்களோடு வந்து அடுப்பு மூட்டிவிட்டார்கள். துக்க வீட்டார் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

கடைத்தெருவுக்குப் போகும் வழியில் மக்கினா கிர்கிர் சந்து. இருபுறமும் தையல் மிஷின்கள், மிஷினுக்குப் பின்னால் ஆண்கள். மாதிரிக்கு என் பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்தேன். அளவு பிசகாமல் தைத்துக் கொடுத்தார் ஒருவர்.

கஷ்டம் என்றால் தண்ணீர்தான். ஹராருக்குக் குடிநீர் தந்துவந்த ஹராமயா ஏரி 2000களின் தொடக்கத்தில் வற்றிப்போனது. மலைச்சரிவிலிருந்து வந்து படிந்த வண்டல் ஒரு காரணம். இன்னொன்று, கரையெங்கும் வயல்களுக்கு இறைத்த நீர். அந்த வயல்களில் முக்கியமானது சாத் எனும் போதையிலைப் பயிர். மதியத்துக்கு மேல் ஊரில் பாதிப்பேர் அந்த இலையை மென்றபடி உட்கார்ந்திருப்பார்கள். விவசாயிக்குக் காப்பியைவிடச் சாத்தில் காசு அதிகம், அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மஞ்சள் நிறக் கேன்களோடு தண்ணீருக்கு வரிசையில் நின்ற சிறுமிகளுக்கு அந்தக் காசில் பங்கில்லை.

இரவில் கழுதைப்புலிகள் மதிலின் துவாரங்கள் வழியே உள்ளே வந்து குப்பையைத் தின்றுவிட்டுப் போகும். ஊரார் விரட்டுவதில்லை. முஹர்ரம் மாதத்து ஆஷூரா நாளில் அவற்றுக்கு நெய் ஊற்றிய கஞ்சி வைக்கும் வழக்கமும் உண்டு.

2006இல் யுனெஸ்கோ ஜுகோலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பழைய ஹராரி வீடுகள் சிலவற்றில் இப்போது விருந்தினருக்கு அறை விடுகிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் விடுதியைத் தேடாமல் அப்படி ஒரு வீட்டில் இரண்டு நாளாவது தங்குங்கள். வீட்டைப் பராமரிக்கும் பெண்களிடம் பேசுங்கள்.