பெயர் பொறிக்காத பழைய ஜப்பானிய மின் கிதார்: செய்த பட்டறையை அறிதல்

1960, 70களில் ஜப்பானில் உருவாகி, தலைப்பகுதியில் நிறுவனப் பெயர் இல்லாமல் கிடைக்கும் மின் கிதார்கள் உலகெங்கும் உள்ளன. சிலவற்றில் தொடக்கத்திலேயே பெயர் இடப்படவில்லை. சிலவற்றில் பெயர்த்தகடோ ஒட்டெழுத்தோ பின்னாளில் உதிர்ந்துவிட்டது. இவற்றைச் செய்த பட்டறையை மரவேலை, உலோகப் பாகங்கள், மின்னுறுப்புகள், எண்கள் ஆகியவற்றை ஒருசேர ஆராய்ந்தே கண்டறிய வேண்டும்.

வரலாறு

ஜப்பானில் மின் கிதார்த் தொழில் 1930களில் ஹவாய் கிதாரோடு தொடங்கியது. அக்காலத்திலேயே இத்துறைக்கு வந்த மிட்சுவோ மட்சுகியின் கருவிகள் பின்னர் குயாடோன் என்ற பெயரில் புகழ்பெற்றன. 1946இல் டோக்கியோவில் டெய்ஸ்கோ நிறுவனம் தோன்றியது. 1965இல் அமெரிக்காவின் வென்ச்சர்ஸ் குழு ஜப்பானில் நடத்திய இசைப்பயணம் இளைஞரிடையே 'எலெகி' எனப்பட்ட மின் கிதார் மோகத்தைக் கிளப்பியது. வெளிநாட்டு வணிகர்களும் விலை குறைந்த கிதார்களைப் பெருமளவில் வாங்கினர். தேவைக்கு மேல் உற்பத்தி பெருகியதால் 1960களின் இறுதியில் சந்தை சரிந்து பல பட்டறைகள் மூடப்பட்டன. டெய்ஸ்கோ 1967இல் ஹமாமட்சு நகரின் காவாய் நிறுவனத்திடம் சென்றது.

பெயரும் பட்டறையும்

கிதாரில் உள்ள பெயர் பெரும்பாலும் விற்றவருடையது. இறக்குமதியாளர் கேட்ட பெயரைப் பட்டறை ஒட்டிக்கொடுத்தது. அதனால் ஒரே வடிவம் பல பெயர்களில் விற்பனையானது. கென்ட் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு பட்டறைகளின் கருவிகளும் வந்தன. இபனேஸ் பெயருக்கு உரிய ஹோஷினோ ஒரு வணிக நிறுவனம். 1970களில் அதன் மின் கிதார்களுள் பலவற்றைச் செய்தது ஃபுஜிஜென் என்ற பட்டறை.

ஃபுஜிஜென் 1960இல் நாகானோ மாநிலத்தின் மட்சுமோட்டோ நகரில் தொடங்கப்பட்டது. அதே நகரின் மட்சுமோகு, சிங்கர் தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்த அனுபவத்தோடு கிதாருக்கு வந்த மரவேலை நிறுவனம். ஏரியா, யூனிவாக்ஸ், எபிஃபோன், வெஸ்டோன் எனப் பல பெயர்களில் அதன் கருவிகள் விற்றன. 1987இல் அது மூடப்பட்டது. தங்கள் பெயர் வெளியே தெரியாமல் உழைத்த இத்தகைய பட்டறைகளின் தச்சர்களுக்கு உரிய இடத்தை அளிப்பதே, செய்த பட்டறையைத் தேடும் ஆய்வின் முதன்மைப் பயன்.

ஆராயும் முறை

தலைப்பகுதியின் வெட்டு: டெய்ஸ்கோவின் சில மாடல்களில் முறுக்காணிகள் ஒருபுறம் நான்கும் மறுபுறம் இரண்டுமாக இருக்கும். பல பட்டறைகள் ஒன்றையொன்று பார்த்துச் செய்தன என்பதால் வடிவம் தொடக்கக் குறிப்பு மட்டுமே.

கழுத்துத் தகடு: கழுத்தும் உடலும் சேருமிடத்தில் திருகாணிகளோடு உள்ள தகட்டில், 'எஃகால் வலுவூட்டிய கழுத்து, ஜப்பானில் செய்தது' என்ற பொருளுடைய ஆங்கில வாசகம் காணப்படலாம். பல பட்டறைகள் இதைப் பயன்படுத்தியதால் இது நாட்டை மட்டுமே காட்டும்.

பிக்கப்: தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் இந்தக் காந்தச் சுருள் முக்கியச் சான்று. பொன்னிறத் தகடு பதித்த பிக்கப்கள் டெய்ஸ்கோவோடு சேர்த்துப் பேசப்படுபவை. மாக்சன் பெயரில் நிஷின் ஓன்பா நிறுவனம் செய்த பிக்கப்களின் அடியில் பொறித்த எண்கள் காலத்தைக் கணிக்க உதவும். ஒரே பிக்கப் பல பட்டறைகளுக்குச் சென்றதையும், பழுதுபார்ப்பில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதையும் கருத வேண்டும்.

மறைவிடங்கள்: கழுத்தைக் கழற்றினால் அதன் அடிப்பகுதியிலும் உடலின் குழியிலும் முத்திரையோ பென்சில் குறியோ கிடைக்கலாம். வெளியே மாற்றங்கள் நடந்திருந்தாலும் இவை பெரும்பாலும் தப்பியிருக்கும்.

வரிசை எண்: 1975 முதல் 1980களின் நடுப்பகுதி வரை ஃபுஜிஜென் செய்த இபனேஸ் கிதார்களில் முதல் ஆங்கில எழுத்து மாதத்தையும் அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். எண்ணே இல்லாத 1960களின் கிதார்களுக்கு அக்கால விற்பனைப் பட்டியலே சிறந்த துணை.

பட்டியல் படத்தோடு உடல், தலை, தந்திகளைத் தாங்கும் பாலம், பிக்கப் நான்கும் ஒத்துவந்தால் முடிவு வலுவானது. ஒரு பாகம் மட்டும் ஒத்தால் 'இன்ன பட்டறையாக இருக்கலாம்' என்று எழுதுவதே முறை. 1970களில் கொரியாவிலும் இதே வடிவங்கள் செய்யப்பட்டதால் நாட்டையும் தனியே உறுதிசெய்ய வேண்டும்.

காரைக்கால் போன்ற கடலோரச் சூழல்

1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலின் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. இத்தகைய ஊரில் கிடைக்கும் கிதார் ஐரோப்பியச் சந்தைக்கான பெயரோடு வந்ததாகவும் இருக்கலாம். எனவே எந்த நாட்டிலிருந்து, எந்த ஆண்டில், யார் வழியாக வந்தது என்று உடையவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது தேடலைச் சுருக்கும்.

உப்புக்காற்றில் நிக்கல் பூச்சு அரிக்கும்; ஈரப்பதத்தில் ஒட்டெழுத்தின் பிடி தளரும். பெயரே இல்லை என்று முடிவுகட்டும் முன், தலைப்பகுதியைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒட்டெழுத்து மறைத்திருந்த பகுதியில் மெருகு குறைவாக மங்கியிருக்கும். பெயர்த்தகடு இருந்த இடத்தில் சிறு ஆணித்துளைகள் தெரியும். தேய்த்து மெருகேற்றினால் இத்தடயங்கள் அழிந்துவிடும். ஆகவே எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து, திருகாணிகளையும் பழைய கம்பிகளையும் பத்திரப்படுத்திய பிறகே பழுதுபார்க்கத் தொடங்க வேண்டும்.