வண்டியில் பிறந்த டெலிபோன்

என் தாய்மாமா காலமான செய்தியை எனக்கு முன்னால் கேட்டவன், எங்கள் வீட்டு மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்த பையன். நாலு வருஷத்துக்கு முந்திய சங்கதி. மாமா திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் நாகர்கோவிலில், மாடியறையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். வண்டி கீழே நின்றது. பையன் பாட்டுக் கேட்கும் ஆசையில் சாவியைத் திருகியிருக்கிறான். என் மேஜைமேல் செல்போன் அடித்தது. எடுத்து "ஹலோ" என்றேன். பத்துத் தடவை என்றேன். ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மாடிப்படியில் காலடிச் சத்தம். கையில் நனைந்த துணியோடு பையன் நின்றான்.

"அண்ணாச்சி, கீழே வாருங்க. உங்க வீட்டு ஆளு ஒருத்தரு வண்டிக்குள்ள அழுகாரு."

நான் இறங்கிப் போவதற்குள் அத்தான் போனை வைத்துவிட்டார். "அப்பா போயிட்டாருடே" என்று அவர் சொன்னதை வண்டி கேட்டது, பையன் கேட்டான், நான் கேட்கவில்லை. அவர் காதில் விழுந்தது என்ன தெரியுமா? வாளித் தண்ணீரைக் கொட்டுகிற சத்தம். அவ்வளவுதான். தகப்பனார் செத்த செய்தியைச் சொன்னால் வாய் திறக்காமல் குளித்துக்கொண்டிருந்தான் இவன் என்று அவர் மனசில் தைத்துவிட்டது. பதினாறாம் நாள் அடியந்திரத்தில்கூட என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நானும் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். துக்க வீட்டில் யந்திர சாஸ்திரம் எடுபடுமா?

சொந்தக்காரன் கையில் இருக்கும்போதே அவனை விட்டுவிட்டு வண்டியோடு போய் ஒட்டிக்கொள்ள இந்தப் போனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று எனக்கு ஒரு வெறி பிறந்தது. தேடிப் படித்தேன். படித்தபோதுதான் ஒரு உண்மை தெரிந்தது. போன் வண்டியோடு ஒட்டிக்கொண்டது புது உறவல்ல. அது பிறந்த வீடே வண்டிதான்.

1946-ம் வருஷம் ஜூன் 17-ம் தேதி, அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில், ஓடுகிற மோட்டாரிலிருந்து டெலிபோன் பேசும் வசதியை பெல் கம்பெனிக்காரர்கள் ஆரம்பித்தார்கள். கருவியின் எடை 80 பவுண்டு, அதாவது நம் கணக்கில் 36 கிலோ. ஒரு நெல் மூட்டையில் பாதி. அதை மனிதன் தூக்க முடியாது, ஆகவே வண்டி தூக்கியது. பேசும்போது பொத்தானை அமுக்கிக்கொள்ள வேண்டும், கேட்கும்போது விட்டுவிட வேண்டும். நகரம் முழுவதற்குமாக ஒரே சமயத்தில் ஒரு சிலர்தான் பேச முடியும். அதற்கும் முன்னாலேயே, 1930-ல், பால் கால்வின் என்பவர் மோட்டாருக்கு ஒரு ரேடியோ செய்து விற்றார். 'மோட்டாரோலா' என்ற பெயரே மோட்டார் வண்டியிலிருந்து வந்ததுதான். அந்தக் கம்பெனியைச் சேர்ந்த மார்ட்டின் கூப்பர்தான் 1973 ஏப்ரல் 3-ம் தேதி நியூயார்க் தெருவில் நின்றுகொண்டு, கையில் பிடிக்கும் போனில் முதல் தடவையாகப் பேசிக் காட்டினார். யாரோடு பேசினார்? போட்டிக் கம்பெனியில் இதே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜோயல் எங்கலோடு! அந்தக் குறும்பை நான் ரசிக்கிறேன். போட்டிக்காரர்கள் மோட்டார் டெலிபோன்தான் எதிர்காலம் என்று நம்பிக்கொண்டிருந்த சமயம் அது. கூப்பர் பிள்ளையை வண்டியிலிருந்து இறக்கித் தெருவில் நடக்க விட்டார்.

நம் தேசத்துக்கு அது வந்து சேர 1995 ஜூலை 31 ஆயிற்று. கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு, டில்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமோடு பேசினார். அப்போதெல்லாம் பேசினாலும் காசு, வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. எடுப்பதற்குக் காசில்லை என்ற நிலை 2003-ல்தான் வந்தது.

தெருவுக்குப் போன பிள்ளை திரும்ப வண்டிக்குள் வந்தபோது ஒரு சங்கடம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. ஒவ்வொரு கம்பெனிப் போனுக்கும் ஒவ்வொரு தொட்டில், ஒவ்வொரு கம்பி. போனை மாற்றினால் தொட்டிலையும் கழற்றி எறிய வேண்டும். இந்தக் கம்பிகளை ஒழிக்கத்தான் 1994-ல் ஸ்வீடன் தேசத்து லுண்ட் ஊரில், எரிக்ஸன் கம்பெனியில், யாப் ஹார்ட்சன் என்ற டச்சுக்காரர் வேலை தொடங்கினார். 1998-ல் எரிக்ஸன், நோக்கியா, ஐபிஎம், இன்டெல், தோஷிபா என்று ஐந்து கம்பெனிகள் கூடிச் சங்கம் அமைத்தன. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த ஹரால்டு ராஜாவுக்கு 'நீலப்பல்' என்று பட்டப்பெயர் உண்டு. சண்டைக்காரக் கம்பெனிகளை ஒன்று சேர்க்கும் வித்தைக்கு அந்தப் பெயரைத் தற்காலிகமாக வைத்துக்கொள்வோம் என்றார் இன்டெல்லின் ஜிம் கார்டாக். தற்காலிகம் நிரந்தரமாகிவிட்டது. நம் ஊர் சர்க்கார் ஆபீஸ் ஓலைக்கொட்டகை மாதிரி. ப்ளூடூத் என்று நாம் சொல்வது ஒரு ராஜாவின் சொத்தைப்பல்!

கதை வாசகர்களுக்கு இன்னொரு செய்தி. ப்ளூடூத் ஒரே அலைவரிசையில் நிற்பதில்லை. 79 அலைவரிசைகளுக்குள் வினாடிக்கு 1,600 தடவை தாவுகிறது. இப்படித் தாவினால் எதிரியால் மறிக்க முடியாது என்று 1942-லேயே காப்புரிமை வாங்கிய இருவரில் ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார். மற்றவர் ஜார்ஜ் ஆந்தைல் என்ற சங்கீதக்காரர். பியானோ கட்டைகளின் கணக்குப்படி 88 அலைவரிசைகள் வைத்திருந்தார்கள். அழகான பெண்ணுக்குப் புத்தியும் இருக்கலாம் என்று நம் நாவலாசிரியர்கள், நான் உட்பட, அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இருக்கட்டும். போன வருஷம் பழைய போன் உயிரைவிட்டது. மணிமேடைப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பையன் காமிராவைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் செய்தான். "தம்பி, இது என் வண்டியோடு ஒழுங்காகப் பேசுமா?" என்று கேட்டேன். யாரும் கேட்காத கேள்வி போலிருக்கிறது. விழித்தான். பிறகு நல்ல பிள்ளையாய்ப் போனை எடுத்துக்கொண்டு வெயிலில் வண்டிக்கு வந்தான்.

நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது. வண்டி பத்துப் பதினைந்து வருஷம் உழைக்கும். போன் நாலு வருஷம் நின்றால் பெரிது. ஆகவே மாப்பிள்ளை பார்ப்பது வண்டிக்குத்தான். 'ஹாண்ட்ஸ்ஃப்ரீ புரொஃபைல்' என்று ஒரு பொது ஒப்பந்தம் இருக்கிறது. அதன் பழைய பதிப்புகளில் குரலை வினாடிக்கு 8,000 தடவை மாதிரி எடுப்பார்கள்; 2011-ல் வந்த பதிப்பில் 16,000. வண்டி பழைய பதிப்பென்றால், லட்ச ரூபாய்ப் போன் வாங்கினாலும் குரல் கிணற்றுக்குள்ளிருந்துதான் வரும். எதிரொலியை அடக்கும் வேலையும் அப்படித்தான். வண்டி அதை ஏற்றுக்கொண்டால் போன் கையை எடுத்துவிட வேண்டும். இரண்டும் விடாமல் அடக்கினால், பேசுகிறவன் குரல் தொண்டை நெரித்த கோழி மாதிரி துண்டு துண்டாகும். இந்த விட்டுக்கொடுத்தல் நடக்கிறதா என்று எந்த விளம்பரத்திலும் போட்டிருக்காது; பேசிப் பார்த்தால்தான் தெரியும்.

2014-ல் ஆப்பிள் கம்பெனியின் கார்ப்ளேயும், 2015-ல் கூகிளின் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வந்தன. போனின் முகமே வண்டிக் கண்ணாடியில் தெரியும். கம்பியில்லாமல் ஆண்ட்ராய்டு ஆட்டோ வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு 11-ஆவது இருப்பது நல்லது. வண்டியும் அதற்கு இசைய வேண்டும். கம்பி போட்டுச் சேர்ப்பவர்கள், சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவுக் கம்பியை மாட்டிவிட்டுப் போனைத் திட்டக்கூடாது. ஜோடி சேர்க்கும்போது, 'பெயர்ப்பட்டியலைக் காட்டலாமா' என்று போன் கேட்கும். சம்மதிக்காவிட்டால் கூப்பிடுகிறவர் பெயர் தெரியாது. சம்மதித்தாலும், தமிழ் எழுத்து தெரியாத வண்டிகள் உண்டு. என் வண்டி அந்த ஜாதி. நான் தமிழில் எழுதி வைத்த பெயரெல்லாம் அதில் கட்டம் கட்டமாக வரும். என் மனைவியும் மின்சார வாரியத்துக்காரரும் ஒரே மாதிரி நான்கு கட்டங்கள்.

முதல் சோதனைக்கு ஆரல்வாய்மொழிக்குப் போனேன். ஆடிக்காற்று. முப்பந்தல் காற்றாலைகள் பேய் பிடித்தமாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. கண்ணாடியை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் பேசினேன். "எங்கே, அடுக்களையிலேயா நிக்கிறீங்க?" என்று மனைவி கேட்டாள். தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

மறுவாரம் களியக்காவிளைக்கு ஒரு காரியமாகப் போனேன். வில்லுக்குறி தாண்டியதும் மணி அடித்தது. வண்டிக் கண்ணாடியில் நான்கு கட்டங்கள். மின்சார வாரியமோ என்று பொத்தானை அமுக்கினேன்.

"நான்தான்டே" என்றது குரல். அத்தான். மூன்று வருஷம் கழித்து.

எனக்கு எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. அது எவ்வளவு தூரத்தில் வந்தது என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற இருவர் டொராண்டோவில் 699 வண்டிக்காரர்களை ஆராய்ந்து 1997-ல் எழுதியதை நான் படித்திருந்தேன். போன் பேசும்போது மோதல் அபாயம் நாலு மடங்கு. கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் வித்தியாசம் தெரியவில்லை. நம் தேசத்துச் சட்டம், 2019-ம் வருஷத் திருத்தத்தின்படி, கையில் பிடித்துப் பேசுகிறவனைத்தான் பிடிக்கும். முதல் தடவைக்கு ஆயிரம் முதல் ஐயாயிரம் வரை அபராதம். என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. சட்டத்துக்கு நான் நல்லவன். மனசு மட்டும் திருவனந்தபுரத்தில் இருந்தது.

"அத்தான், வண்டியிலே இருக்கேன். நிறுத்திட்டுக் கூப்பிடுகேன்" என்றேன்.

தக்கலையில் ஒரு சாயாக்கடை ஓரமாக நிறுத்தி, சாவியைக் கழற்றி, இறங்கி நின்று, ப்ளூடூத்தையும் அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தேன். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். முதல் அழைப்பு எனக்குத்தான் என்றார். நான் பதில் சொல்லத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அதற்குள் அவரே, "என்னடே, இன்னைக்குத் தண்ணிச் சத்தம் ஒண்ணும் கேக்கலியே?" என்றார்.