பழவேற்காட்டில் கல்லறை இல்லாதவர்கள்

பையர் ஆடிட் வர்ற அன்னைக்கு பனியன் கம்பெனி எப்படி இருக்கும்னு திருப்பூர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காட்ட வேண்டியது மட்டும் கண்ணில் படும். சரித்திர இடங்களும் பல நேரம் அப்படித்தான். பழவேற்காடு பற்றிக் குறிப்பெடுக்கும்போது எனக்கு இதுதான் திரும்பத் திரும்பத் தோணுச்சு.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் அந்த ஊரில், 1613ல் டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. அவர்கள் வந்தது துணிக்காக. சோழமண்டலத் துணியைக் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். ஏற்றுமதி ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு சட்டுனு புரியும்.

ஆனா அதே துறைமுகத்திலிருந்து மனிதர்களும் ஏற்றுமதியானார்கள். பஞ்சமும் போரும் வந்த வருஷங்களில் அடிமை விலை விழுந்தது, வியாபாரம் ஏறியது. 1659–61ல் பிஜப்பூர்ப் படைகள் தஞ்சாவூர்ச் சீமையை அழித்தபோது, 8,000 முதல் 10,000 பேர் வரை இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். வாங்கியவன் டச்சுக்காரன். பிடித்து விற்ற தரகர்கள் உள்ளூர் ஆட்கள். பசியில் பிள்ளையை விற்ற பெற்றோரும் உண்டு. டச்சுக்காரன் வருவதற்கு முன்பே இங்கே அடிமை முறை இருந்தது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதிக் கதைதான்.

இன்று அங்கே போகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள், பூநாரை பார்க்கிறார்கள். அப்புறம் தொல்லியல் துறை காக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசலில் எலும்புக்கூடுச் சிற்பங்கள், உள்ளே பெயரும் குலச்சின்னமும் செதுக்கிய கற்கள். விற்றவர்களுக்குக் கல் இருக்கிறது. விற்கப்பட்டவர்களுக்கு இல்லை.

பெயரே இல்லையா? இருக்கு. ஒரு பெயர் மட்டும் சொல்றேன்: காத்ரைன். ஊர்ப் பெயரே அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டது, "பழவேற்காட்டுக் காத்ரைன்" என்றே பதிவானாள். பத்தாவியாவில் அடிமையாக இருந்தவள், காதலனைக் கொன்ற வழக்கில் 1656ல் மரண தண்டனை பெற்றாள். பிறகு அது நாடுகடத்தலாக மாறியது. 1657ல் தென்னாப்பிரிக்காவின் கேப்புக்குப் போய்ச் சேர்ந்து அங்கே துணி வெளுத்தாள். அவள் மகன் வழி வந்த ஸ்னைமன் குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.

கேப் டவுனில் டச்சுக் கம்பெனி 1679ல் அடிமைகளை அடைக்கக் கட்டிய கட்டிடம், 1998 முதல் 'அடிமை விடுதி' என்ற பெயரிலேயே அருங்காட்சியகமாக இருக்கிறது. கட்டிடம் எதற்குக் கட்டப்பட்டதோ அதை வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

பழவேற்காட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். கல்லறையைக் காட்டி முடித்ததும் வழிகாட்டி ஏரிப் பக்கம் கை நீட்டி, "இந்த வழியாத்தான் கொண்டு போனாங்க"ன்னு சொல்லி, காத்ரைன் கதையை ரெண்டு நிமிஷம் சொன்னால் போதும். அடுத்து யார் பிடித்துக் கொடுத்தார்கள் என்று கூட்டத்தில் ஒருத்தராவது கேட்பார். அந்தக் கேள்விக்கும் மழுப்பாமல் பதில் சொல்லணும்.